சுழிப்பிழை

மே மாதக் கடைசி. லெசோத்தோ மலையில்
குதிரையின் மூச்சு குதிரைக்கு முன்னால் நடக்கிறது.
எங்கள் மருத்துவ அறை உத்தரத்தில்
குழந்தைகளை நிறுக்கும் சுருள்வில் தராசு.
கொக்கியில் ஒன்றுமில்லை.
முள் நானூறு கிராம் என்கிறது.

யாரை நிறுக்கிறாய்? காற்றையா?
விரலால் சுண்டினேன். துள்ளியது, நடுங்கியது,
மூச்சு வாங்கி நின்றது,
அதே நானூறில்.

இரண்டு லிட்டர் புட்டியில் தண்ணீர் பிடித்து மாட்டினேன்.
தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.
இரண்டு கிலோ, நானூறு.

எட்டாம் வகுப்பில் நான் எழுதிய விடை:
இழுவிசை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும்.
‘மீட்சி எல்லைக்குள்’ என்ற இரண்டு சொல்லை விட்டிருந்தேன்.
ஒரு மதிப்பெண் போயிற்று.
ஒன்றுதானே என்று
கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

காவலாள் மொட்லாட்சி கதவோரம் நின்று
தொப்பியைக் கசக்கினான்.
மூன்று வாரம் முன்பு, ஓர் இரவு,
அங்கோரா ஆட்டு மயிர் மூட்டையை இதில் மாட்டினானாம்.
வாங்க வந்தவன் எடையில் ஏய்க்கிறானோ என்று சந்தேகம்.
இருபத்தைந்து கிலோ தராசு.
மூட்டை நாற்பதுக்குக் குறையாது.
முள் ஓடிப்போய் முட்டி நின்றது.
“ஒன்றுமே தெரியவில்லை அக்கா” என்றான்.
அவனைத் திட்ட வாயெடுத்தேன்.
மயிர் விற்ற காசுக்கு மாவு வாங்கிவிட்டதாகவும் சொன்னான்.
வாயை மூடிக்கொண்டேன்.

பதிவேட்டைத் திறந்தேன்.
மூன்று வாரம், முப்பத்தொரு குழந்தைகள்.
ஒவ்வொன்றிலிருந்தும் நானூறு கழித்தேன்.
பென்சிலால்தான். மையால் எழுதக் கை வரவில்லை.
கொழுத்த பிள்ளைகள் அசையவில்லை.
ஏழு பேர் கோட்டுக்குக் கீழே இறங்கினார்கள்.
எல்லாரையும் நான்தான் சிரித்து அனுப்பியிருந்தேன்.

ஏழில் ஒருத்தி ந்தோஃபேலா. ஒன்பது மாதம்.
ஆறு கிலோ எண்ணூறு; இல்லை, ஆறு கிலோ நானூறு.
பெயருக்கு அர்த்தம் வெறும் பொருள்.
சாவு எட்டிப் பார்த்துவிட்டு
இது எதற்கு என்று போய்விட வேண்டுமாம்.
அவளுடைய அம்மா மாப்புலெங், புலெங்கின் தாய்.
இங்கே கல்யாணத்தன்றே
பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரால் பெண்ணை அழைத்துவிடுவார்கள்.
புலெங் பிறந்தாள். இரண்டு குளிர்காலம் இருந்தாள்.
அவள் போன பிறகும்
அந்தப் பெயர் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை.

தராசைத் துணியில் சுற்றிக் குதிரையேறினேன்.
உறைந்த ஓடையில் குளம்பு வழுக்கியது.
பனிக்கட்டிமேல் உராய்வு குறைவு என்று தெரிந்திருந்தாலும்
விழும்போது அது உதவுவதில்லை.
முழங்கை சிராய்த்தது. தராசுக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஆவதற்கு இனி என்ன இருக்கிறது.

வட்டக் குடிசையின் கூரைக்கழியில் மாட்டினேன்.
மாப்புலெங் முள்ளைப் பார்த்தாள்.
“இன்னும் எதையும் போடவில்லையே?”
“அது பிழை. முன்பு பெரிய கனத்தைத் தூக்கியிருக்கிறது.”
அவள் காலிக் கொக்கியைத் தொட்டாள்.
பிறகு தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள்,
குழந்தை வலது இடுப்பில் இருந்தபோது.

நான் வேறு பக்கம் திரும்பி
கஞ்சி மாவுப் பொட்டலங்களை எண்ணினேன். ஆறு.
வாரம் ஒருமுறை வருவேன் என்றேன்.
தவறு என்னுடையது என்றும்
ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.
அவள் பதில் சொல்லவில்லை;
பிள்ளையின் கம்பளி ஊசியைக் கழற்றத் தொடங்கினாள்.

நிறுவைத் துணிக்குள் வெறும் பொருள் ஏறியது.
உச்சந்தலையில் இரட்டைச் சுழி, இரண்டும் சரியாக இருந்தன.
பூமி கீழே இழுத்தது, சுருள் மேலே இழுத்தது,
இரண்டுக்கும் நடுவில் அவள் உதைத்தாள், கத்தினாள்,
முள் ஆறுக்கும் எட்டுக்கும் பறந்தது.
“எவ்வளவு?” என்றாள் மாப்புலெங்.
“பொறு.”
உதைக்கட்டும், இன்னும் கொஞ்சம்.
கழிக்க வேண்டிய எண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு
ஆட்டம் அடங்கக் காத்திருந்தேன்.